ராட்டினமும் வகுத்தல் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

சென்ற ஆண்டு டிசம்பரில் எங்கள் வகுப்புச் சுற்றுலாவுக்கு என்னைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, வேறு எவரும் கை தூக்காததால் அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது என்பதே பொருந்தும். எங்கே போவது என்பதில் முதல் நாளே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கோயில், அணைக்கட்டு, அருவி எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பார்த்தாயிற்று. பொழுதுபோக்குப் பூங்காதான் வேண்டும் என்பதில் மட்டும் ஒற்றுமை. எந்தப் பூங்கா என்பதில்தான் சண்டை. ஒன்று பெங்களூருக்கு அப்பால் இருப்பது. மற்றொன்று நீலகிரி அடிவாரத்துப் பக்கம். பெயர் எதற்கு? வடக்குப் பூங்கா, மேற்குப் பூங்கா என்றே வைத்துக்கொள்வோம்.

தருமபுரியிலிருந்து வடக்கே தூரம் குறைவு. ஆனால் மாநில எல்லையைத் தாண்டுவதால் பேருந்துக்கு பர்மிட் செலவு உண்டு. மேற்கே தூரம் அதிகம், பர்மிட் இல்லை. வடக்கே நுழைவுக் கட்டணம், மாணவர் சலுகை போக, 1,100 ரூபாய், மேற்கே 700. சாப்பாடு வடக்கே 250, மேற்கே 200. பேருந்து வாடகையை 44 பேருக்கு வகுத்தால் வடக்கே தலைக்கு 700, மேற்கே 650. ஆக மொத்தம் வடக்கே 2,050 ரூபாய், மேற்கே 1,550 ரூபாய்.

ஐந்நூறு ரூபாய் வித்தியாசம். இங்கேதான் நான் என் கணிதப் புலமையைக் காட்டினேன். வடக்குப் பூங்காவின் விளம்பரத்தில் 58 விளையாட்டுகள், மேற்குப் பூங்காவில் 32. வகுத்துப் பார்த்தேன். வடக்கே ஒரு விளையாட்டுக்கு 35 ரூபாய் 34 காசு. மேற்கே 48 ரூபாய் 44 காசு. கரும்பலகையில் அட்டவணை போட்டு, கடைசி வரிக்குக் கீழே இரட்டைக் கோடும் இழுத்தேன். "விலை அதிகமாகத் தெரிவதே உண்மையில் மலிவு" என்று நான் முழங்கியபோது வகுப்பே கை தட்டியது. வடக்கு வென்றது. அன்று மாலை விடுதிக்குப் போகும் வழியில் எனக்கு நிலம் பாவவில்லை.

மறுவாரம் நான்கு பேர் பெயரை அடித்துக்கொண்டார்கள். மூவர் காரணம் சொல்லவில்லை. நான்காமவன் என் பக்கத்து இருக்கைக்காரன்; மாலையில் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்துப் படிப்பவன். "ஊர்ல வேல இருக்குதுடா" என்றான். அவன் ஊரில் என்ன வேலை என்பது எனக்குத் தெரியும், ஒன்றுமில்லை. முன்பணமாகக் கட்டியிருந்த ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நால்வர் போனதும் பேருந்து வாடகை 30,800 ரூபாயை 40 ஆல் வகுக்க வேண்டியதாயிற்று. தலைக்கு 770. எல்லோரிடமும் மறுபடி எழுபது ரூபாய் கேட்டு நின்றேன். ஒருவன் விலகினால் மற்றவனுக்குச் செலவு கூடும், செலவு கூடினால் இன்னொருவன் விலகுவான் என்ற சங்கிலியை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த வசவுகளில் படித்தேன். என்னுடைய பங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கியில் ஏறியது. அதில் இரண்டு மாதப் பணம். மீதி அம்மா கொடுத்தது.

இனி பூங்காவுக்கு வருவோம். காலை பத்தரைக்கு உள்ளே நுழைந்தோம். மாலை ஆறுக்கு வெளியே வந்தோம். பெரிய கோபுரம் ஒன்றில் உட்கார வைத்து மேலே தூக்கிப்போய், அங்கிருந்து தொப்பென்று விடுகிறார்கள். அதற்கு வரிசையில் நின்ற நேரம் 55 நிமிடம். நிற்கும்போது நானும் என் தோழர்களும் கணக்குப் போட்டோம். நாற்பது மீட்டர் உயரம் என்று கொள்வோம். தடையில்லாமல் விழுந்தால் மூன்று நொடிகூட ஆகாது, 2.86 நொடி. ஏறும் நேரம், பட்டை மாட்டும் நேரம் எல்லாம் சேர்த்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அந்த 2.86 நொடியில் என் குலதெய்வம் பெயர் எனக்கே தெரியாமல் வாயில் வந்தது உண்மை. வயிறு மேலேயே நின்றுவிட, உடம்பு மட்டும் கீழே வந்தது போலிருந்தது. அதை மலிவு, விலையேற்றம் என்று சொல்ல எனக்கு அளவுகோல் இல்லை.

ஆனால் கைக்கடிகாரம் கட்டியிருந்தேன். விளையாட்டு நகரத் தொடங்கியது முதல் நிற்பது வரை ஒவ்வொன்றையும் குறித்து வந்தேன். (தோழர்கள் கேலி செய்தார்கள். பொருளாளர் என்றால் அப்படித்தான்.) நாள் முழுவதும் நான் ஏறியவை 11. நகர்ந்த நேரம் மொத்தம் 31 நிமிடம். வரிசையில் நின்றது நான்கு மணி பத்து நிமிடம். என் அட்டவணையில் 58 ஆல் வகுத்தது தவறு. 11 ஆல் வகுத்திருக்க வேண்டும். ஒரு விளையாட்டுக்கு 193 ரூபாய் ஆயிற்று. மேற்கே போயிருந்தாலும் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் ஏறியிருக்க முடியாது. 32 என்பதும் 58 என்பதும் பலகையில் எழுதியிருக்கும் எண்கள்தாம். நம் காலுக்கும் கடிகாரத்துக்கும் எட்டுவது வேறு எண். இதை இரட்டைக் கோட்டுக்கு முன்பே யோசித்திருந்தால் ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் வெறும் ஐந்நூறு ரூபாயாகவே நின்றிருக்கும்.

இன்னொன்றும் அங்கே கண்டேன். ஏறத்தாழ இரண்டு மடங்கு விலைக்கு ஒரு விரைவு டிக்கெட் உண்டு. அதை வாங்கியவர்கள் தனி வழியில் வந்து முன்னால் ஏறிக்கொள்கிறார்கள். அவர்கள் ஏறும் ஒவ்வொரு இருக்கையும் நமது வரிசையிலிருந்து போகும் இருக்கை. அப்படியானால் அந்தக் கூடுதல் பணத்துக்கான சரக்கைப் பூங்கா தருகிறதா, வரிசையில் நிற்கும் நாம் தருகிறோமா? நான்கு மணி நேரம் நின்றவனுக்கு இப்படியெல்லாம் தோன்றுகிறது.

எல்லோரும் உண்மையாக மகிழ்ந்தது அலைக்குளத்தில். வரிசை இல்லை, எண்ணிக்கை இல்லை. நாற்பது பேரும் ஒரே தண்ணீரில் இரண்டு மணி நேரம். கடல் பார்த்திராத மூன்று பேர் எங்கள் வகுப்பில் இருந்தார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. மேற்குப் பூங்காவிலும் அலைக்குளம் உண்டு.

திரும்பி வந்தபின், பொருளியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் என் கணக்கைக் காட்டினேன். சிரித்துவிட்டு, வால்டர் ஓய் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1971இல் டிஸ்னிலாண்டை வைத்தே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்றார். பார்வையிழந்த அறிஞர் அவர். கலிபோர்னியாவில் 1955 ஜூலையில் டிஸ்னிலாண்ட் திறந்தபோது உள்ளே நுழையப் பெரியவர்களுக்கு ஒரு டாலர். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் காசு. அதே ஆண்டில் கூப்பன் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று தரம் பிரித்து, 1959இல் 'இ' டிக்கெட் வரை போனது. மிகச் சிறந்த விளையாட்டுகளுக்கு அந்த 'இ' டிக்கெட். 1982இல் கூப்பனை ஒழித்து, வாசலிலேயே மொத்தமாக வாங்கிக்கொண்டு உள்ளே எல்லாம் இலவசம் என்றாக்கினார்கள். இன்று நம் நாட்டுப் பெரிய பூங்காக்களிலும் பெரும்பாலும் இந்த முறைதான்.

ஓய் எழுப்பிய கேள்வி இது: வாசலில் நிறைய வாங்கி உள்ளே சும்மா விடுவதா, சும்மா உள்ளே விட்டு ஒவ்வொன்றுக்கும் வாங்குவதா? வருபவர் எல்லோரும் ஒரே மாதிரி என்றால் வாசலில் வாங்குவதே முதலாளிக்கு இலாபம். ஆனால் ஆட்கள் ஒரே மாதிரி இல்லை. வாசல் விலை ஏற ஏற, கொஞ்சம் விளையாடிவிட்டுப் போக நினைப்பவன் வாசலிலேயே நின்றுவிடுகிறான். பேராசிரியர் இதைத் தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டியபோது, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என் பக்கத்து இருக்கைக்காரன் நிற்பது போல் இருந்தது.

விளையாட்டுக்கு விளையாட்டு காசு வாங்கும் பழைய முறையைப் பற்றி அவர் சொன்னபோது, எனக்கு அது தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். என் தந்தையார் ராட்டினம் சுற்றுபவர். வகுப்பில் யார் கேட்டாலும் "அப்பாவுக்குச் சொந்தத் தொழில்" என்று இரண்டாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. நான்கு தொட்டில் கொண்ட கை ராட்டினம் ஒன்று எங்களுக்கு உண்டு. சேலத்து ஆடிப் பண்டிகை, சுற்றுவட்டாரத் தேர், திருவிழா என்று ஒரு 'சின்ன யானை' வண்டியை வாடகைக்குப் பிடித்து அதைப் பிரித்து ஏற்றிப் போவார். தொட்டிலுக்கு நான்கு பிள்ளைகள். தலைக்கு இருபது ரூபாய். மூன்று நிமிடம்.

அதாவது நிமிடத்துக்கு 6 ரூபாய் 67 காசு. வடக்குப் பூங்காவில், 2,120 ரூபாயை 31 நிமிடத்தால் வகுத்தால், 68 ரூபாய் 39 காசு. பத்து மடங்கு. இந்தக் கணக்கை நான் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் மகிழவில்லை.

"நம்ம ராட்டினத்துல ஏறி எவனாச்சும் குலசாமியக் கூப்பிட்டிருக்கானா கண்ணு?" என்றார். பிறகு, "அங்க எத்தன சுத்து விடறாங்க?" என்று கேட்டார்.

அது மின்னோட்டத்தில் ஓடுவது, எப்போதும் ஒரே கால அளவு என்றேன். அவருக்கு வியப்பு. கூட்டம் நின்றால் பதினைந்து சுற்று, கூட்டம் இல்லையென்றால் முப்பது என்பது அவர் கைக்கணக்கு. வாயால் எண்ண மாட்டார், ஆனால் தவறாது. காத்திருப்பவர்களைப் பார்த்துத்தான் ஏறியவர்களின் சுற்று முடிவாகும். காசில்லாமல் வேடிக்கை பார்த்து நிற்கும் பையன்களை ராட்டினம் தள்ளச் சொல்வார். நாலு ஆட்டம் தள்ளினால் ஒரு ஆட்டம் ஏறிக்கொள்ளலாம். அவருக்கும் தோள் வலி குறையும். எட்டாம் வகுப்பு வரை எனக்கும் அதே சம்பளம்தான்.

தைப்பூசத்தின்போது குமாரசாமிப்பேட்டையில் ராட்டினம் போட்டிருந்தோம். அன்று ஆள் வரவில்லை, நானே தள்ளினேன். தேர்க் கூட்டத்தில் கல்லூரிக்காரர்கள் யாரும் கண்ணில் படக்கூடாதே என்று துண்டைத் தலையில் கட்டியிருந்தேன். இரவு எட்டு மணி இருக்கும். என் பக்கத்து இருக்கைக்காரன் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். தங்கையை ஏற்றிவிட்டுக் காசு நீட்டியபோதுதான் என்னைப் பார்த்தான்.

இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கூட்டம் கத்தியது. "தள்ளுடா" என்றேன். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் வந்து நின்று தள்ளினான். பத்தரை மணி வரை தள்ளினோம். சுற்றுலாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அவன்தான் இடையில் ஒருமுறை, "அந்தக் கோபுரம் உண்மையிலேயே பயமா இருந்துச்சா?" என்று கேட்டான். இருந்தது என்றேன்.

கடைசியில் அப்பா வசூல் பையிலிருந்து முந்நூறு ரூபாய் எடுத்து அவனிடம் கொடுத்தார். வேண்டாம் என்று பின்வாங்கினான். "வேல செஞ்சிருக்க இல்ல, வாங்கு சாமி" என்று அவன் பையில் திணித்தார். எனக்கு ஒன்றும் தரவில்லை. அவன் தங்கை மட்டும் அதற்குள் எட்டு ஆட்டம் ஏறி முடித்துவிட்டு, பிரிக்கப் போகிறோம் என்று சொல்லியும் இறங்காமல் தொட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.