அது பஞ்சிங் மெஷின் இல்லை, ஸார்!

பி.காம். படித்தவன் கையில் எந்த இரும்புச் சாமானைக் கொடுத்தாலும் அது ஆபீஸ் சாமானாகிவிடும் போலிருக்கிறது. பார்சலில் வந்தது பழைய சினிமா பிலிம் ஒட்டுகிற மெஷின் என்று தெரிந்தேதான் வாங்கினேன். இருந்தாலும் கை சும்மா இருக்குமா? ஒரு வவுச்சரைக் கிழித்து உள்ளே விட்டு, ஒரு அழுத்து! ஓரங்கள் வெட்டுப்பட்டு, வரிசையாகக் குட்டிக் குட்டி ஓட்டைகள்.

"டேய், அது டேப்பை வெட்டற பஞ்சுடா. பேப்பரைப் போட்டு மழுங்கடிக்கறியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் சித்தப்பா.

அவர் ஒரு காலத்தில் கோடம்பாக்கத்தில் அசிஸ்டென்ட் எடிட்டர். 1987-ல் அப்பா கல்யாணத்துக்கு யார் யாரிடமோ கெஞ்சி, ஒரு 16 எம்.எம். கேமராவும் நூறு அடி பிலிமும் கொண்டுவந்து படம் எடுத்தார். நூறு அடி என்றால் பெரிதாகத்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அடிக்கு 40 ஃப்ரேம், ஆக மொத்தம் 4,000. விநாடிக்கு 24 வீதம் ஓடினால் இரண்டே முக்கால் நிமிஷம். ரசத்துக்குத் தாளிப்பதற்குள் கல்யாணம் முடிந்துவிடும்.

அதுவும் ரிவர்ஸல் பிலிம். கேமராவில் ஓடியதேதான் திரையிலும் ஓடும். நெகட்டிவ் கிடையாது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது, இரவல் புரொஜக்டரில் ஓட்டி, சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் அறுந்தது. அப்பா உடனே ஆபீஸிலிருந்து வந்த செல்லோ டேப்பை எடுத்து ஒட்டிவிட்டார் (பரம்பரைக் குணம்!). அந்தக் கோந்து வருஷக்கணக்கில் கசிந்து, அடுத்த சுற்றோடும் ஒட்டிக்கொண்டது.

போன வருஷம் அப்பா போய்விட்டார். அம்மா எதையும் கேட்கிற ஆள் இல்லை. இது ஒன்றைத்தான் கேட்டாள்: "அந்தப் படம் ஓடுமாடா?"

அதற்காகத்தான் மெஷின். முதல் பார்சல் தண்டம். "இது 35-க்கானதுடா. பாரு, ஒரு ஃப்ரேமுக்கு ஓரத்துக்கு நாலு பல்லு. நம்மளுது 16, ஃப்ரேமுக்கு ஒரே துளைதான். பிளேடு வேற சாய்வா இருக்கு. சாய்வு, சவுண்டு டேப்புக்கு. படத்துக்கு நேர் பிளேடு" என்றார் சித்தப்பா. விற்றவர் 'நன்றாக வேலை செய்யும்' என்றுதான் சொல்லியிருந்தார். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை!

இரண்டாவதாக வாங்கியது சரியான 16. இத்தாலிச் சரக்கு. லியோ கட்டோஸோ என்கிற எடிட்டரின் மூளையில் உதித்தது. ஃபெலினியின் 'லா டோல்சே வீட்டா'வையும் '8½'-ஐயும் எடிட் செய்தவர் அவர்தான். பின்னால் இந்த மெஷினுக்காகவே ஆஸ்கார்காரர்கள் அவருக்குத் தொழில்நுட்ப விருது கொடுத்தார்கள்.

விருது கொடுக்க வேண்டியதுதான், ஸார். அதற்கு முன் பிலிம் சிமென்ட்தான் கதி. ஒரு முனையைச் சுரண்டி, இன்னொன்றை அதன்மேல் ஏற்றி ஒட்டுவார்கள். பிரித்துத் திரும்ப ஒட்டினால் ஃப்ரேம் போச்சு. டேப்பில் அந்த நஷ்டம் இல்லை. பிடிக்கவில்லையா, உரித்துவிட்டு மறுபடி ஒட்டலாம். எங்கள் பிலிம் ஒரு ஃப்ரேமின் நடுவிலேயே கிழிந்திருந்தது. சிமென்ட் என்றால் அந்த இடத்தை வெட்டியே ஆக வேண்டும். டேப் என்றால் கிழிந்த இரண்டு பாதியையும் சேர்த்துவைத்தால் போதும்.

சித்தப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. எனவே வாய் அவருடையது, கை என்னுடையது. வேஸ்ட் பிலிமில் முப்பது ஒட்டு போடச் சொல்லிவிட்டுத்தான் நிஜத்தைத் தொடவிட்டார். குச்சியில் பஞ்சு சுற்றி, ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அப்பாவின் செல்லோ டேப் கோந்தைத் துடைத்தெடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அப்பா ஒட்டியதைப் பிரிக்கிறோமே என்று ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பிறகு, இரண்டு துண்டுகளின் துளைகளையும் ஊசிகளில் மாட்டி, கிழிசலோடு கிழிசல் பொருத்தினேன். ஓட்டையில்லாத ஸ்ப்ளைஸிங் டேப்பைக் குறுக்கே இழுத்தேன். "இப்போ அழுத்து... பயப்படாதே!" க்ளிக். டேப்பின் ஓரம் வெட்டுப்பட்டு, துளைகளும் விழுந்துவிட்டன. நகத்தால் தேய்த்துக் காற்றுக் குமிழியை விரட்டி, திருப்பிப் போட்டு மறுபக்கமும் ஒட்டினேன். தரையில் பொடிப்பொடியாக டேப் துணுக்குகள்.

புரொஜக்டரில் மறுபடி மாட்ட சித்தப்பா சம்மதிக்கவில்லை. ஸ்கேன் செய்து டி.வி.யில் போட்டோம். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மேளக்காரர் வந்தார், ஐயர் வந்தார், தாலித் தட்டு வந்தது, ஒட்டுப்போட்ட இடமும் வந்தது. திரை முழுக்க போட்டோக்காரரின் முதுகு!

"என்ன சித்தப்பா இது?" என்றேன்.

"அந்த ஆள் நகரவே மாட்டேன்னுட்டான்டா" என்றார், முப்பத்தெட்டு வருஷத்துக் கோபத்துடன்.

அம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தாள் தோளுக்குப் பக்கத்துல ஒரு கை தெரியுது பாரு. உங்கப்பா கைதான். எப்படி நடுங்கறது!" என்றாள். "இன்னொரு தடவை போடு."