சேம அச்சு

பண்டைய உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிச் செல்வர். பாரமோ பெரிது, மேடுபள்ளங்களில் நேரவிருப்பதை முன்னறிவார் இல்லை. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார்.

அதியமானின் தகடூரே இன்றைய தர்மபுரி. ஸ்ரீநகரிலிருந்து தில்லி வழியாகக் கன்னியாகுமரி செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தர்மபுரியைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் சேலம் நோக்கி இறங்குகிறது. விடுமுறையில் ஊர் சென்றபோது அவ்விறக்கத்தில், பழுதுற்ற லாரியொன்றை மற்றொரு லாரி இழுத்துச் செல்லக் கண்டோம். இடையே கயிறில்லை, இரும்புத் தண்டு இருந்தது. தேநீர்க் கடையில் ஓட்டுநர் ஒருவர் காரணம் கூறினார்:

“ஏத்தத்துக்குக் கயிறு போதும் சார். எறக்கத்துல பின்வண்டி வந்து முன்வண்டியை இடிச்சுடும். எஞ்சின் ஓடலைன்னா பிரேக்குக்குக் காத்தும் ஏறாது.”

ஓடாத அந்த லாரியிலும் ஒருவர் அமர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே சென்றார்.

இழுப்பது எளிது; தாங்குவதே அரிது. கரோல் பாகில் வாழும் நமக்கும் இது பொருந்தும். சம்பாதித்தவரை இழந்த குடும்பத்துக்குப் பணம் திரட்டி, ரயிலேற்றி அனுப்புகிறோம். அது கயிறு. குடும்ப ஓய்வூதியத் தாள்கள் அலுவலகத்தில் நகர்ந்தனவா, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததா என்று திங்கள்தோறும் கேட்டறிந்து, ஆவன செய்வதே இரும்புத் தண்டு. ஸ்டியரிங் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். இறக்கம் முடியும்வரை நம் பிடி தளராதிருத்தல் வேண்டும். அத்தகைய குடும்பங்களுக்கு நம் சங்கம் என்றும் சேம அச்சாக விளங்குக!