‘பிறகு’ வேறு, ‘காரணமாக’ வேறு

மருத்துவமனைக் கோப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடும் வேலைக்கு ‘மெடிக்கல் கோடிங்’ என்று பெயர். சென்னையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இதைச் செய்கிறார்கள். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளோடு குப்பை கொட்டிய எனக்கு, இது குமாஸ்தா வேலைக்குப் பங்காளி முறை என்று தோன்றும்.

இந்த எண்களுக்குப் பூர்வீகம் பாரீஸ். அந்த நகரத்தின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் ழாக் பெர்த்தியோன் 1893-இல் மரணக் காரணங்களின் பட்டியல் ஒன்றை முன்வைத்தார். அதுவே பல முறை திருத்தப்பட்டு, 1948 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் வளர்ந்து, இன்று ‘ஐ.சி.டி.’ என்று உலகமெங்கும் புழங்குகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவனுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

சென்ற வருடம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். சுளுக்கு என்று சொல்லி இரண்டு நாள் படுத்திருந்தாள். பிறகுதான் இடுப்பெலும்பு முறிவு என்று தெரிந்து ஆபரேஷன் நடந்தது. மறுநாள் சிறுநீர் குறைந்தது, கிரியாட்டினின் 2.8-க்கு ஏறியது. டயாலிசிஸ் வரை போகாமல் பத்து நாளில் இறங்கியது, கடவுள் புண்ணியம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அறுவைக்குப் பின் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு’ என்று ஒரு வரி. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், “ஆபரேஷன்தான் கிட்னியைக் கெடுத்திடுச்சு” என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். தள்ளிப்போட்டிருந்த கண்புரை ஆபரேஷனும் இனி வேண்டவே வேண்டாம் என்றாள் மனைவி.

பேத்தி தாளை வாங்கிப் படித்தாள்.

“தாத்தா, இதை வச்சு அப்படிச் சொல்ல முடியாது. திடீர்ச் செயலிழப்புக்கு ‘என் 17.9’. சிகிச்சையால வந்ததுன்னா ‘என் 99.0’-வும் சேர்த்துப் போடணும். ஆனா ‘பின்’னுன்னா நேரம் மட்டும்தான். அதனாலதான் வந்ததுன்னு டாக்டர் எழுதியிருக்கணும். இல்லேன்னா நாங்களா ஊகிக்கக் கூடாது, அவரைத்தான் கேக்கணும்.”

எனக்குப் பள்ளிக்கூடத்து இலக்கணம் ஞாபகம் வந்தது. ‘அப்ரே’ என்றால் பிறகு. ‘ஆ கோஸ் தெ’ என்றால் காரணமாக. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் வாத்தியார் விடமாட்டார்.

அடுத்த முறை போனபோது டாக்டரையே கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை; கோப்பைப் புரட்டினார். சேர்த்த அன்றே, கத்தி படுவதற்கு முன்பே, கிரியாட்டினின் 1.7. வீட்டில் படுத்திருந்த இரண்டு நாளும் வலி மாத்திரையாக விழுங்கியிருக்கிறாள். எழுந்து பாத்ரூம் போக முடியாதே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டிருக்கிறாள். ‘நீரிழப்பும் வலி மாத்திரையும் காரணம்’ என்று அவர் தன் கையால் எழுதிக் கொடுத்தார். ‘என் 99.0’-க்கு அங்கே இடமில்லை.

சொந்தக்காரர்கள் தீர்ப்பையே நம்பியிருந்தால், கண் மங்கியபடியே இருந்திருக்கும். அலமாரியில் வலி மாத்திரையும் இருந்திருக்கும். இப்போது மாத்திரை அட்டை குப்பைக்குப் போயிற்று. கண்புரை ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லுவேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பின்’ என்று இருந்தால், காரணம் என்ன என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேட்டு, ஒரு வரி எழுதி வாங்குங்கள். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.