காட்டுத் தீயும் பழைய படை வண்டிகளும்



ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் நான் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். இங்குள்ள மக்கள் சிலரிடம் விந்தையானதோர் ஆர்வம் உண்டு. உலகப் போரில் ஓடிய ஜீப்புகளையும் லாரிகளையும் தேடிப் பிடித்து வந்து, துருவைச் சுரண்டி, இயந்திரத்தைப் பழுது பார்த்து, மீண்டும் ஓடச் செய்து மகிழ்வார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அவர்களுள் ஒருவர். படையில் மெக்கானிக்காகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரிடம் நான்கு வண்டிகள் உள்ளன. அவற்றுக்குக் கொட்டகை எழுப்பும் வசதி அவருக்கு இல்லை. ஆகவே நான்கும் திறந்த வெளியிலேயே நிற்கின்றன.

'பழைய இரும்புக்கு இத்தனை பாசமா?' என்று நீங்கள் வியக்கலாம். போர்க் காலத்தில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் செய்யப்பட்டன. எனினும் நல்ல நிலையில் எஞ்சியிருப்பவை குறைவே. கனடாவில் ஃபோர்டு, செவர்லே நிறுவனங்கள் தயாரித்த மூக்குச் சப்பையான படை லாரியை இங்கே 'பிளிட்ஸ்' என்று அழைப்பர். போர் முடிந்ததும் அவற்றுள் பலவற்றின் மீது தண்ணீர்த் தொட்டியைப் பொருத்திக் கிராமத்துத் தொண்டர் தீயணைப்புப் படையினர் பயன்படுத்தினார்கள். காட்டுத் தீயை அணைக்க ஓடிய அந்த வண்டியே இன்று காட்டுத் தீக்கு அஞ்சி நிற்கிறது!

தீ எவ்வாறு வருகிறது?

2009 பிப்ரவரி 7ஆம் நாளை இந்த மாநிலத்தார் மறக்க மாட்டார்கள். அன்று மெல்போர்ன் நகரில் வெப்பம் 46.4 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அன்று மூண்ட தீயில் 173 பேர் மாண்டனர். இரண்டாயிரத்துக்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. மாலையில் காற்று திசை மாறியபோது, தீயின் நீண்ட பக்கவாட்டுப் பகுதியே முகப்பாக மாறி ஊர்களை நோக்கிப் பாய்ந்தது.

தீச்சுவாலை நேரில் வந்து தொட்டால்தான் பொருள் எரியும் என்று எண்ணலாகாது. யூகலிப்டஸ் மரத்தின் பட்டைகள் எரிந்தபடியே காற்றில் பறந்து, பல கிலோமீட்டருக்கு அப்பாலும் விழும். அந்தக் கனல் வண்டியின் இருக்கையிலோ, கித்தான் கூரையிலோ, மரப்பலகைத் தளத்திலோ, அங்கே சேர்ந்திருக்கும் சருகிலோ விழுந்தால் போதும். மெல்லப் புகைந்து, பின்னர் டயரைப் பற்றும். டயர் பற்றிவிட்டால் அணைப்பது மிகக் கடினம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அலுமினியக் கலவையால் உடல் செய்யப்பட்ட பழைய லேண்ட் ரோவர் உருகிக் குழம்பாகித் தரையில் உறைந்து போகும். ஜீப்பின் எஃகுத் தகடோ வளைந்து கோணலாகும்.

குளிர்காலத்திலேயே செய்ய வேண்டியவை

பெரியவர் கோடைக்குக் காத்திருப்பதில்லை. குளிர்காலம் முடியும் முன்பே தொடங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உடன் சென்று உதவுவேன். அவரிடம் நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

வண்டிகளைப் புல்தரையில் நிறுத்தாமல் சரளை பரப்பிய வெற்றுத் தரையில் நிறுத்த வேண்டும். சுற்றிலும் புல்லை ஒட்ட வெட்ட வேண்டும். மரக்கிளைக்குக் கீழேயும், வீட்டுச் சுவரை ஒட்டியும் நிறுத்துதல் கூடாது. எரியும் வண்டி வீட்டையும் எரித்துவிடும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீ தாவாதவாறு வண்டிகளுக்கிடையே நல்ல இடைவெளி வேண்டும். தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்பவும் வழி வேண்டும்.

வெயிலுக்கும் மழைக்கும் போர்த்தும் பிளாஸ்டிக் படுதா, தீக்காலத்தில் பகையாகும். கித்தான் கூரை, இருக்கை மெத்தை, பெயர்த்தகடு, கருவிகள் ஆகியவற்றைக் கழற்றி இரும்புப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். பெட்டகத்தின் காற்றுத் துளைகளுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலை அடிக்க வேண்டும். பெட்ரோலையும் எரிவாயு உருளையையும் அதனுள் வைக்கவே கூடாது.

போர்க்கால ஜீப்பில் பெட்ரோல் டாங்கி ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே உள்ளது. அதன் மூடி இறுகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோலை வடித்த பின்னரும் ஆவி உள்ளே தங்கும். ஆகவே காலி டாங்கியையும் ஆபத்தானதாகவே கருத வேண்டும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். தீ வரும் நாளில் மின்சாரம் நின்றுவிடும் என்பதால், தண்ணீர்த் தொட்டிக்கு எஞ்சினால் இயங்கும் பம்பு வேண்டும். அரசு தீத்தடை அறிவித்த நாளில், திறந்த வெளியில் வெல்டிங் வேலையும் உலோகத்தை அறுக்கும் வேலையும் கூடா.

வெளியேறும் வேளை

இவை யாவற்றினும் பெரிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கோடையில் மலைக்கு அப்பால் தீ எழுந்தது. வெளியேறுமாறு காலையிலேயே அறிவிப்பு வந்தது. பெரியவரின் மனைவி காரில் ஏறி அமர்ந்துவிட்டார். பெரியவரோ ரப்பர் குழாயைக் கையில் பிடித்தபடி வண்டிகளின் நடுவே நின்றார். "இவற்றை விட்டு எப்படி வருவேன்?" என்றார்.

"செய்ய வேண்டியதை எல்லாம் ஆறு மாதமாகச் செய்துவிட்டீர்களே ஐயா! இனி இங்கே உங்கள் கைக்கு என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் குழாயைக் கீழே வைத்தார். தீயணைப்பு வண்டி வருவதற்காக வாயிற்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். தீ எங்கள் தெருவை எட்டவில்லை. கனல்கள் மட்டும் வந்திருந்தன. வண்டிகளைச் சுற்றிச் சரளையின் மீது கருகிய மரப்பட்டைகள் சிதறிக் கிடந்தன. பற்றிக்கொள்ள அங்கே ஏதுமில்லாததால் அவை தாமே அவிந்து போயிருந்தன.

வாசக நேயர்களே! முன்னேற்பாட்டின் உண்மையான பயன் பொருளைக் காப்பதோடு முடிவதில்லை. வேளை வரும்போது அந்தப் பொருளை விட்டுவிட்டு அமைதியாக நடந்து செல்லும் மனத்தையும் அது நமக்குத் தருகிறது. ஆஸ்திரேலியாவில் உங்கள் உறவினர் எவரேனும் காட்டை ஒட்டி வாழ்ந்தால் அவர்களுக்கு இதை எழுதுங்கள். பழைய வண்டி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்றால், நம் உயிர் அதனினும் பெரிய அமானிதம் அல்லவா?