கடவுளுக்கு ஒரு வாக்கெடுப்பு

1949 அக்டோபர் 17, திங்கட்கிழமை. புதுடெல்லியில் அரசியல் நிர்ணய சபை ஏறக்குறைய எல்லா வேலைகளையும் முடித்துவிட்டிருந்தது. காஷ்மீருக்கான தனி விதி, பின்னாளில் 370 என்று பெயர் பெற்றது, அன்றுதான் நிறைவேறியது. மிச்சமிருந்தவற்றில் முக்கியமானது முகவுரை. கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த விஷயம். சில வரிகள்தானே, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தவர்கள் ஹரி விஷ்ணு காமத்தை மறந்துவிட்டார்கள்.

காமத் எழுந்தார். "இந்திய மக்களாகிய நாம்" என்பதற்கு முன்னால் "கடவுளின் பெயரால்" என்று சேர்க்க வேண்டும் என்றார். கீதை சொல்கிறபடி, செய்கிற செயலையெல்லாம் இறைவனுக்கு அர்ப்பணிப்பதுபோல இந்தச் சட்டத்தையும் அர்ப்பணிப்போம் என்பது அவர் வாதம்.

அவரை மடத்து ஆசாமி என்று எண்ணிவிடக் கூடாது. மங்களூரில் பிறந்தவர். ஐ.சி.எஸ். பதவியை 1938இல் உதறிவிட்டு சுபாஷ் சந்திர போஸின் பின்னால் போனவர். ஃபார்வர்டு பிளாக்கில் உழைத்தவர். மத்திய மாகாணத்திலிருந்து சபைக்கு வந்த அவர், அங்கே அரசுத் தரப்பைத் தூங்கவிடாத ஒருசிலரில் ஒருவர். அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, நெருக்கடி காலத்தில் குடிமகன் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையையே நிறுத்திவைக்கலாம் என்ற விதி வந்தபோது, ஜெர்மனியின் வைமர் குடியரசை நினைவூட்டி எச்சரித்தார். விதி நிறைவேறியதும் இது வெட்கத்துக்குரிய நாள், இந்திய மக்களைக் கடவுள்தான் காக்க வேண்டும் என்று சொல்லி அமர்ந்தார். தனிமனித சுதந்திரத்துக்காக இப்படிக் கத்திய அதே மனிதர்தான் அக்டோபரில் கடவுளைச் சட்டப் புத்தகத்துக்குள் அழைத்தார். அவருக்கு இரண்டும் முரணாகப் படவில்லை.

சபையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தினமும் சாமி கும்பிடுகிறவர்கள். அப்படியானால் திருத்தம் சிரமமில்லாமல் நிறைவேறியிருக்க வேண்டும். நடந்தது வேறு.

முதல் சிக்கல், எந்தக் கடவுள்? அசாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சௌத்ரி, தான் காமாக்யா தேவி கோயில் கொண்ட காமரூபத்துக்காரன், கடவுள் என்று சொல்லி தேவியை விட்டுவிட்டால் சக்தி வழிபாட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார். கிண்டலா, நிஜமா என்று பிரித்துச் சொல்வது கடினம். கோவிந்த் மாளவியா, உலக மக்கள் பல பெயர்களால் அழைக்கும் பரம்பொருளின் அருளால் என்று ஒரு நீண்ட வாசகத்தை வைத்தார். ஷிப்பன் லால் சக்சேனா கடவுளோடு மகாத்மா காந்தியின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். இது காந்திய அரசியல் சட்டமே இல்லை, இதில் அவர் பெயர் எதற்கு என்று பிரஜேஷ்வர் பிரசாத் சீறினார். ஒரு சொல்லைச் சேர்க்கலாம் என்று ஆரம்பித்த பேச்சு, கால் மணியில் அந்தச் சொல்லுக்கு யார் சொந்தக்காரர் என்ற பேச்சாகிவிட்டது.

அன்றைய மிகச் சரியான பேச்சு திருவிதாங்கூரிலிருந்து வந்தது. பட்டம் தாணு பிள்ளை அங்கே 1948இல் முதல் மக்களாட்சியின் பிரதமராக இருந்தவர். தான் கடவுளை நம்புகிறவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் நம்பவும் நம்பாமலிருக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று நாமே எழுதியிருக்கிறோம். முகவுரையில் கடவுள் பெயரைப் போட்டால் நம்பிக்கை விஷயத்தில் அது கட்டாயப்படுத்துவதாகாதா என்று கேட்டார். ஹிருதயநாத் குன்ஸ்ரு இன்னும் காட்டமாகப் பேசினார். நெஞ்சின் ஆழத்தில் இருக்க வேண்டிய ஒன்றை விவாத மேடைக்கு இழுத்ததே தவறு. கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டே நாம் குறுகிய மனத்தைக் காட்டுகிறோம் என்றார்.

பேச்சு முற்ற முற்ற உறுப்பினர்களுக்கு வேறொரு சங்கடம். திருத்தம் வாக்கெடுப்புக்குப் போனால் கடவுளுக்கு எதிராகக் கை தூக்க வேண்டும். பூர்ணிமா பானர்ஜி (அருணா ஆசஃப் அலியின் சகோதரி) கடவுள் மீது வாக்களிக்கும் தர்மசங்கடத்தில் எங்களை மாட்டிவைக்காதீர்கள் என்று காமத்திடம் கேட்டுக்கொண்டார். இந்தியாவுக்குக் கடவுள் வேண்டுமா வேண்டாமா என்பதை 300 பேர் கொண்ட சபை ஓட்டுப் போட்டு முடிவு செய்வதா என்றார் எம். திருமல ராவ், பதவிப் பிரமாணத்தில் கடவுளுக்கு இடம் தந்தாகிவிட்டது, அங்கே நம்பாதவருக்கும் மாற்று வழி இருக்கிறது, முகவுரையில் அப்படி இரண்டையும் வைக்க வழியில்லை என்றார். காமத் விட்டுக்கொடுக்கவில்லை. கை தூக்கிய கணக்கு: ஆதரவு 41, எதிர்ப்பு 68. இது நம் வரலாற்றில் ஒரு கறுப்பு நாள் என்று சொல்லி, இந்தியாவைக் கடவுள் காப்பாற்றட்டும் என்று முடித்தார் காமத்.

எதிர்த்து வாக்களித்த 68 பேரும் நாத்திகர்கள் அல்ல. அவர்கள் கண்முன் அண்மை உதாரணம் ஒன்று இருந்தது. அதே ஆண்டு மார்ச்சில், கராச்சியில், பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபை இலட்சியத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரபஞ்சம் முழுவதன் இறையாண்மையும் அல்லாவுக்கே உரியது என்று அது தொடங்கியது. சிறுபான்மையினர் தங்கள் மதத்தைப் பின்பற்றலாம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. ஆனாலும் கிழக்கு வங்கத்து இந்து உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் கொண்டுவந்த திருத்தங்கள் தோற்றன. அமைச்சர் ஜோகேந்திரநாத் மண்டல் 1950இல் ராஜினாமா செய்துவிட்டு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். முதல் வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் வரி வெறும் அலங்காரம் என்றும் சொல்ல முடியாது.

அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டுச் சட்டம் பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் தொடங்குகிறது. அதன் குடியரசுத் தலைவர் எல்லாம் வல்ல இறைவனின் முன்னிலையில்தான் உறுதிமொழி எடுக்க வேண்டும், மாற்று வாசகம் கிடையாது. அமெரிக்காவின் 1776 சுதந்திரப் பிரகடனத்தில் படைத்தவன் உண்டு. அரசியல் சட்டத்தில் இல்லை. அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை.

இங்கே திருமல ராவ் சொன்ன மாற்று வழிதான் நடைமுறையில் நிலைத்தது. மூன்றாவது அட்டவணையைத் திறந்தால், கடவுள் பெயரால் ஆணையிடுவதும் உளமார உறுதி கூறுவதும் மேலும் கீழுமாக அச்சாகியிருக்கும். பதவி ஏற்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1967இல் அண்ணாவின் அமைச்சரவை உளமார உறுதி கூறியது. 2021இல் ஸ்டாலினும் அப்படியே. ஜெயலலிதா ஆண்டவன் பெயரால் ஆணையிட்டார். ஒரே மாநிலம், ஒரே நாற்காலி. ஆனால் மூன்றாவது வழி கிடையாது. 2001இல் கேரள சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் பதவியேற்க, அது செல்லாது என்றது அந்த மாநில உயர் நீதிமன்றம்.

தாணு பிள்ளையின் கேள்விக்கு உண்மையான சோதனையும் கேரளத்தில்தான் வந்தது. 1985 ஜூலையில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பள்ளிக் குழந்தைகள், உடன்பிறந்தவர்கள், தேசிய கீதம் பாடவில்லை என்பதற்காக வெளியேற்றப்பட்டார்கள். கீதம் ஒலித்தபோது மரியாதையாக எழுந்து நின்றார்கள். வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். எந்த நாட்டின் கீதத்தையும் பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, அந்த நம்பிக்கை நமக்கு நியாயமாகப் படுகிறதா என்பதல்ல கேள்வி, அவர்கள் அதை மனசாட்சியோடு உண்மையாகக் கொண்டிருக்கிறார்களா என்பதே கேள்வி என்று சொல்லி, குழந்தைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். 25ஆம் விதித் தலைப்பின் முதல் சொற்களே மனசாட்சிச் சுதந்திரம்தான். மதம் அப்புறம்தான் வருகிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தச் சபை கடவுளை மட்டும் வெளியே நிறுத்தவில்லை. 1948 நவம்பரில் கே.டி. ஷா 'மதச்சார்பற்ற' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னபோது அதையும் ஏற்கவில்லை. அந்தச் சொல் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தத்தால் முகவுரைக்குள் வந்தது. அதை எதிர்த்த மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது.

அதே நெருக்கடி நிலையில்தான் காமத் 1949 ஆகஸ்டில் அஞ்சியதும் நடந்தது. 1977இல் ஹோஷங்காபாத்திலிருந்து அவர் மக்களவைக்குத் திரும்பினார். மறு ஆண்டு நாடாளுமன்றம் 44ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, நெருக்கடி காலத்திலும் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உள்ள பாதுகாப்பை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது. 1949இல் தோற்ற இரண்டு வாதங்களில் ஒன்றாவது பாதி ஜெயித்ததை அவர் பார்த்துவிட்டார். 1982இல் காலமானார். முகவுரை இன்றும் "இந்திய மக்களாகிய நாம்" என்றுதான் தொடங்குகிறது.