தொளிச் சேறும் வாட்டர் சர்வீஸும்

பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாயைத் திறந்துவிட்டால் நிலக்கோட்டை வட்டாரத்தில் தொளி உழவு, அதாவது நடவுக்கு முன் வயலைச் சேறாக்கும் உழவு, தொடங்கிவிடும். முதல் போகத்துக்குத் தண்ணீர் பெறும் இருபோகப் பாசனப் பரப்பு 45,041 ஏக்கர். அதில் நிலக்கோட்டை வட்டத்துக்கு 1,797 ஏக்கர். மீதியெல்லாம் மதுரை மாவட்டம். ஆத்தூர், பழனி, வத்தலக்குண்டு பக்கம் அணையையும் கண்மாயையும் நம்பி நடக்கும் நடவு தனிக்கணக்கு. எங்கே நாற்று நட்டாலும், அதற்கு முன் ஒரு டிராக்டர் கேஜ் வீல் மாட்டிக்கொண்டு சேற்றில் உழன்றிருக்கும். அந்தச் சேற்றைக் கழுவுகிறவர்களைப் பார்க்கத்தான் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள வாட்டர் சர்வீஸ் கடைகளுக்குப் போனேன்.

இந்தச் சமவெளியில் காடு, மேடு, சேறு எல்லாவற்றிலும் போய்வரும் வண்டி டிராக்டர்தான். அடுத்தபடியாக, சிறுமலைக்கும் கொடைக்கானல் கீழ்மலைக்கும் ஏறி இறங்கும் ஜீப்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வண்டியை ஏற்றி நிறுத்த ஒரு சிமென்ட் மேடை, போர்த் தண்ணீர் நிரம்பிய தொட்டி, பெல்ட் போட்டு ஓடும் பிரஷர் பம்ப், நீண்ட ஹோஸ், நுனியில் கன். வேலையில்தான் நுணுக்கம் இருக்கிறது. வயலிலிருந்து நேராக வந்த வண்டிமேல் உடனே தண்ணீர் அடிப்பதில்லை. “சூட்டோட அடிச்சா இரும்பு வெடிச்சிரும்ணே” என்றார் ஒரு கடையில் இருந்த இளைஞர். எஞ்சின் ஆறும்வரை சக்கரத்திலும் மட்கார்டு அடியிலும் அப்பியிருக்கும் சேற்றைக் கம்பியால் குத்தி உதிர்க்கிறார்கள். காற்று இழுக்கும் குழாய்க்குப் பாலிதீன் உறை கட்டுகிறார்கள். டைனமோ, செல்ஃப் மோட்டார், பேட்டரி இவை பக்கம் கன் போகாது, துணிதான்.

ரேடியேட்டர் அருகே வந்ததும் வேகம் குறைகிறது. அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையில் சேறும் உமியும் தூசியும் சேர்ந்து அடைத்திருக்கும். முன்பக்கமிருந்து பலமாக அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே ஏறும், தகடும் மடங்கிப் போகும். காற்று முன்னிருந்து பின்னாகப் போகிறது என்பதால், எஞ்சின் பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டு அழுக்கை வந்த வழியே வெளியே தள்ள வேண்டும். அந்த இளைஞர் கன்னைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் ஹோஸைப் பிடித்தார். நுனியில் கட்டைவிரலை வைத்துத் தண்ணீரை விசிறியாக்கி, வரிவரியாக இறக்கினார். பிறகு குனிந்து, தகடுகளின் ஊடே மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். ஒரு மூலையில் தெரியவில்லை. அந்த மூலைக்கு மட்டும் மறுபடி தண்ணீர். இதை அவசரத்தில் விட்டால் மறுநாள் நடுவயலில் எஞ்சின் கொதிக்கும்.

கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறிய பிளக் உண்டு. தொளி உழவுக்கு இறங்கும்முன் அதை மாட்ட வேண்டும். உழவு முடிந்ததும் கழற்றி, உள்ளே தேங்கியதை வடிக்க வேண்டும். பல ஓட்டுநர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கழுவுகிறவர் நினைவு வைத்திருப்பதால் கிளட்ச் பிழைக்கிறது. கடைசியில் கிரீஸ் கன். முன் அச்சின் நிப்பிள்களில் அழுத்த அழுத்த, முதலில் சேறு கலந்த சாம்பல் நிறக் கிரீஸ் பிதுங்கி வருகிறது. புதுக் கிரீஸின் நிறம் தெரியும்வரை கை நிற்பதில்லை. ரோட்டவேட்டரில் சுற்றிய வைக்கோலும் நைலான் கயிறும் தண்ணீருக்கு அசையாது. கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். விட்டால் அது ஆயில் சீலைக் கிழித்துவிடும்.

ஒரு வழக்கம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கழுவி முடித்ததும் துருப்பிடிக்காமல் இருக்க டீசலையும் பழைய எஞ்சின் ஆயிலையும் கலந்து அடிப்பாகத்தில் ஸ்பிரே அடிக்கிறார்கள். பளபளப்பு வருகிறது, ஆனால் ரப்பர் புஷ்ஷும் ஹோஸும் ஊதிக் கெடுகின்றன, அந்த எண்ணெய்த் தூவலை அடிக்கிறவர் சுவாசிக்கிறார். வழிந்த எண்ணெய் சாக்கடைக்குப் போகிறது. தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்டுப்போன அனுபவம் திண்டுக்கல்லுக்கு ஏற்கெனவே உண்டு. வண்டல் படியவும் எண்ணெய் மிதக்கவும் தொட்டி கட்டி, தெளிந்ததை மட்டும் வெளியே விட்டால் பாதிக் கேடு குறையும்.

சேற்றோடு நோயும் ஊர்விட்டு ஊர் போகும். ரஸ்தாளியைக் காவு வாங்கும் வாடல் நோயின் பூஞ்சை, வாழை இல்லாத நிலத்திலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். டயரில் ஒட்டிய மண் அதற்குப் போதும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டல்லி பகுதித் தோட்டம் ஒன்றில் அதன் கொடிய வகை 2015இல் கண்டறியப்பட்டது. அங்கே தோட்டத்து வாசலிலேயே வண்டிகளைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து அனுப்பும் வழக்கம் வலுப்பட்டது. திண்டுக்கல் சமவெளியிலும் வாழை இருக்கிறது. ஒரே டிராக்டர் வாடகைக்குப் பத்துத் தோட்டம் ஏறி இறங்குகிறது. ஆனால் பருவம் முடிந்த பிறகுதான் பலர் வண்டியைக் கழுவக் கொண்டுவருகிறார்கள்.

கழுவுகிறவர்களின் கால்களைப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஈரத்தில் நின்று விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். பலருக்கு ரப்பர் செருப்புதான் பாதுகாப்பு. நெல்வயல் சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், அந்தப் புண் வழியாக எலிக்காய்ச்சல் வரலாம். டீசல் பட்டுப்பட்டு உள்ளங்கைத் தோல் வெடித்திருக்கிறது. ஈரத் தரையில் ஓடும் மோட்டாருக்கு எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்பதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனப் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. வண்டி கழுவுகிற ஒவ்வொருவரையும் அதில் பதிவு செய்ய உரிமையாளர்கள் முன்வர வேண்டும்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயல் மாறும்போதே வரப்போரம் வண்டியை நிறுத்தி, டயர்ச் சேற்றை அங்கேயே உதிர்த்துவிடுங்கள். கடைக்கு வந்தால் எஞ்சின் ஆற நேரம் கொடுங்கள். டீசல் ஸ்பிரே வேண்டாம் என்று சொல்லுங்கள். கழுவுகிறவருக்கு முழங்கால் உயர கம்பூட்டும் கையுறையும் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கித்தரச் சொல்லுங்கள்.