அவையும் அறிமுகமும்

ஒரு கல்லூரி தரும் கல்வி வகுப்பறையோடு முடிந்துவிடுவதில்லை. அவையில் அமர்ந்து கேட்பதும், எழுந்து வினவுவதும், முன்பின் அறியாத ஒருவரிடம் தம்மை அறிமுகம் செய்துகொள்வதும் கல்வியின் பகுதிகளே. வரும் பருவத்தில் நம் கல்லூரியில் இத்தகைய இரு நிகழ்ச்சிகள் நடைபெறவுள்ளன. ஒன்று, பல்வேறு பணிகளில் உள்ள முன்னாள் மாணவர்கள் இந்நாள் மாணவர்களோடு உரையாடும் தொழில்துறைச் சந்திப்பு. மற்றொன்று, அரசின் சட்டங்களும் திட்டங்களும் எவ்வாறு உருவாகின்றன, அவற்றில் பொதுமக்கள் எவ்வாறு பங்கேற்கலாம் என்பது பற்றிய கலந்துரையாடல். அறிவிப்பு வெளியான நாள்முதல் தமிழ் இலக்கிய மாணவர் பலர் நம்மிடம் கேட்டுவரும் கேள்வி ஒன்றுண்டு: "ஐயா, இவை வணிகவியல் துறைக்கும் கணினித் துறைக்கும் உரியவை அல்லவா? நாங்களும் வரலாமா?"

"வரலாம்" என்று கூறி அமைந்துவிட நம்மால் இயலவில்லை. தமிழ் மாணவர் வாராத அவை குறையுடைய அவை என்பதே நம் துணிபு. அதற்குரிய காரணங்களை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

தொழில்துறைச் சந்திப்பு என்றதும் பெரியோர் சிலர் தயங்குவதுண்டு. ஆள் பிடித்து வேலை தேடும் வழக்கத்துக்குக் கல்லூரியே மேடை அமைப்பதா என்பது அவர்தம் ஐயம். சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு. தகுதியுடைய ஒருவரை விலக்கிவிட்டு அவரிடத்தில் வேறொருவரை அமர்த்துவது சிபாரிசு. இன்ன பணி உண்டு, அதற்கு இன்ன தேர்வு, இன்ன நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்னும் செய்தியை உரிய காலத்தில் அறியச் செய்வது அறிமுகம். முன்னது நீதிக்கு ஊறு. பின்னது நீதிக்குத் துணை.

மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இங்கு நினைக்கத்தக்கது. பாஸ்டன் நகரையடுத்த ஓரூரில், தெரிந்தவர் வாயிலாக வேலை பெற்றோரிடம், அவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்துவந்தீர்கள் என்று அவர் வினவினார். அடிக்கடி என்றோர் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர்; எப்போதாவது என்றோர் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர்; மிக அரிதாக என்றோர் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர். நெருங்கிய உறவினரும் நண்பரும் பெரும்பாலும் நாம் அறிந்ததையே அறிந்திருப்பர். சற்றே விலகி நிற்பவரே நாம் அறியாத செய்தியைக் கொண்டுவருவர் என்பது அவர் தந்த விளக்கம். லிங்க்டுஇன் தளத்தைப் பயன்படுத்தும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நிகழ்த்தப்பட்டு, 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வும், வேலை தேடுவோர்க்கு நெருக்கம் மிகுந்த தொடர்பைவிட ஓரளவு விலகிய தொடர்பே மிகுதியும் உதவிற்று எனக் காட்டியது.

இதனை நம் வகுப்பறையோடு பொருத்திப் பார்ப்போம். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தோர் இங்குப் பலர். ஒருவர் தந்தை மீன் வணிகர்; மற்றொருவர் தாய் பீடி சுற்றுபவர்; இன்னொருவர் தமையனார் வளைகுடா நாட்டில் ஓட்டுநர். அன்புக்கு அவ்வீடுகளில் குறைவில்லை. ஆயினும் மொழிபெயர்ப்பாளர், நூலகர், செய்தியாளர், நீதிமன்றச் சுருக்கெழுத்தர் என எவரையும் அறிந்த உறவினர் அவர்களுக்கு இல்லை. நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர் பட்டம் பெற்றபின் மூன்றாண்டுகள் வீட்டிலிருந்தார். கல்லூரி ஆண்டு விழாவில் அருகமர்ந்த முன்னாள் மாணவி ஒருவர், பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்த ஆள் தேவை என்று தற்செயலாகக் கூறிய செய்தியே அவருக்குப் பணிவாய்ப்பைத் தந்தது. அவர் கற்ற தமிழ் அம்மூன்றாண்டுகளும் அவரிடமே இருந்தது. வழி மட்டும் தெரியாதிருந்தது. வீட்டில் கிட்டாத அறிமுகத்தைக் கல்லூரிதான் தர வேண்டும்.

இனி இரண்டாம் நிகழ்ச்சிக்கு வருவோம். அரசின் கொள்கையை ஆராய்வது அதிகாரிக்கும் வல்லுநர்க்கும் உரியது, இலக்கிய மாணவர்க்கு அங்கென்ன வேலை என்று கேட்போர் 2020-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை எண்ணிப் பார்த்தல் நலம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய வரைவு அறிவிக்கை ஒன்று அவ்வாண்டு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. கடலோர மீனவரும் காவிரிப் படுகை உழவரும் தம் வாழ்வைத் தொடும் விதியைத் தம் மொழியில் படிக்க இயலவில்லை. வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்க்குமாறும், கருத்துரைக்கும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டிக்குமாறும் அந்நீதிமன்றம் ஜூன் 30 அன்று ஆணையிட்டது.

2006-ஆம் ஆண்டின் அறிவிக்கையிலும் மொழிக்கு இடமுண்டு. அதன்படி, பெருந்திட்டங்கள் குறித்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தரல் வேண்டும்; மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் இருத்தல் வேண்டும்; கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை அவையோர்க்குப் படித்துக்காட்டி, வட்டார மொழியில் விளக்குதல் வேண்டும். அச்சுருக்கத்தை எளிய தமிழில் எழுதவல்லார் யார்? முதியவர் ஒருவர் தம் பேச்சுவழக்கில் சொன்ன குறையைப் பொருள் சிதையாமல் குறித்துக்கொள்ளவல்லார் யார்? சொல்லின் நுட்பம் பயின்ற தமிழ் மாணவரன்றி வேறு யார்?

விதியைத் தமிழில் எழுதிப் பொதுவிடத்தில் வைப்பது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. குடவோலை முறையும், கணக்குக் காட்டாதவர் வாரியத்தில் இடம்பெறலாகாது என்னும் விதியும் அங்கே சுவரில் தமிழில் வெட்டப்பட்டுள்ளன. அது எல்லார்க்கும் திறந்த அவையன்று. நிலமும் மறைக்கல்வியும் உடைய அந்தணர்தம் சபை. இன்றைய அவையோ விரிந்தது. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினரே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் கிராம சபை நாள்களாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. இச்சபையில் ஒருமுறையேனும் அமர்ந்தோர் உண்டா என்று வகுப்பில் கேட்டோம். உயர்ந்த கைகள் மிகச் சிலவே.

தகவல் அறியும் உரிமைக்கு இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு, ஆண்டு 1997. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது. அதன்கீழ் விண்ணப்பத்தை அப்பகுதியின் ஆட்சிமொழியிலேயே எழுதலாம். பொதுவாக 30 நாளில் விடை தரல் வேண்டும். குடிநீருக்கும் சாலைக்கும் உதவித்தொகைக்கும் அலையும் நம் ஊர் மக்களுக்கு ஒரு பக்கத் தமிழ் விண்ணப்பம் செய்யக்கூடிய நன்மை பெரிது.

ஆகவே மாணவச் செல்வங்களுக்கு நாம் கூறுவது இது. வெறுங்கையோடு அரங்கினுள் வாராதீர்கள். உங்கள் ஊர்க்குறை ஒன்றையும், அது பற்றிக் கேட்கத்தக்க கேள்வி ஒன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். சந்தித்தவர்க்கு ஒரு வாரத்துள் நன்றிக் கடிதம் எழுதுங்கள். திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்களைத் தேர்வுக்காகப் படித்தீர்கள். அவற்றை வாழ்வில் பயிலும் இடம் இதுவே.

ஆசிரியப் பெருமக்கள் அழைப்பிதழையும் நிகழ்ச்சிக் குறிப்பையும் தமிழிலும் வெளியிடுமாறும், தமிழில் எழும் வினாவை ஆங்கில வினாவுக்கு இணையாக ஏற்குமாறும் வேண்டுகிறோம். கடைசிப் பேருந்தை எண்ணி மாணவியர் பாதியில் எழுந்து செல்லாதபடி, நிகழ்ச்சியைப் பிற்பகல் நான்கு மணிக்குள் முடித்தல் நன்று.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பெரும்பதவியாளரை மட்டும் அழைத்து மேடையில் அமர்த்துவது போதாது. அச்சகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் பணியாற்றும் எளிய முன்னாள் மாணவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்களை மாணவரோடு ஒரே விரிப்பில் அமரச் செய்யுங்கள். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் செலவிடும் நேரத்தை உரையாடலுக்கு வழங்குங்கள். அன்று பகிரும் ஒரு செய்தி ஒரு குடும்பத்தின் வறுமையைத் தீர்க்கக்கூடும். அன்று கற்கும் ஒரு விதி ஓர் ஊரின் உரிமையைக் காக்கக்கூடும்.